உப்புக்காற்று ஊரில் கியர் பாக்ஸ் ஆயில் பார்ப்பது எப்படி

எஞ்சின் ஆயில் கொஞ்சம் குறைவது சகஜம். ஓட ஓடச் சிறிது எரியும். கியர் பாக்ஸ் ஆயில் எரிவதற்கு வழியே கிடையாது. மூடிய பெட்டிக்குள் பற்சக்கரங்களோடு சுற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அது குறைந்திருந்தால் எங்கோ ஒழுகியிருக்கிறது, அல்லது கடைசியாக மாற்றியவர் குறைத்து ஊற்றியிருக்கிறார். வண்டிக்கு அடியில் முதல்முறை கை வைக்கப் போகிறவர் இதை மனதில் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். ஆயிலை ஊற்றிவிட்டுக் கை கழுவினால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. போன ஆயில் எங்கே போனது என்று பார்ப்பது மீதிப் பாதி.

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாகவோ, உச்சிப்புளி தாண்டி மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கமோ வண்டி வைத்திருப்பவருக்கு இதில் உப்பும் மணலும் சேர்ந்துகொள்கின்றன. ஐப்பசி பிறந்துவிட்டால் ரோட்டில் நிற்கும் தண்ணீரும் சேரும். கடலைத் தள்ளி இருக்கும் ஊர்களில் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை இங்கே ஒரு காலைப் பொழுதைத் தின்றுவிடும். அதற்குத் தயாராக இருந்தால் போதும், கஷ்டமான வேலை இல்லை.

முதலில், உங்கள் வண்டி எந்த ரகம்

இங்கே சொல்வதெல்லாம் கையால் கியர் போடும் சாதாரண கார்களுக்கு. முழு ஆட்டோமேட்டிக், சிவிடி வண்டிகளுக்கு ஆயிலே வேறு, பார்க்கும் முறையும் வேறு. பலவற்றில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போதுதான் அளவு பார்க்க முடியும். அவற்றை வீட்டு வாசலில் திறக்காதீர்கள். கிளட்ச் மிதிக்காமல் தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஏஎம்டி வண்டி வைத்திருப்பவர்களுக்குக் குழப்பம் வரும். உள்ளே இருப்பது சாதாரண கியர் பாக்ஸ்தான், அதற்குச் சாதாரண கியர் ஆயில்தான். ஆனால் கியரை மாற்றிக் கொடுக்கும் ஹைட்ராலிக் பாகம் இருக்கும் வண்டிகளில் அதற்குத் தனியாக ஒரு திரவம் உண்டு. இரண்டையும் மாற்றி ஊற்றினால் செலவு பெரிதாகிவிடும்.

ஆம்னி, பொலீரோ, டாடா ஏஸ் மாதிரிப் பின்சக்கரம் இழுக்கும் வண்டிகளில் பார்க்க வேண்டிய இடம் இரண்டு. முன்னால் கியர் பாக்ஸ். பின்னால் அச்சின் நடுவே உருண்டையாக இருக்கும் டிஃபரன்ஷியல், பட்டறையில் கிரவுன் என்பார்கள். இரண்டுக்கும் ஆயில் தனித்தனி. முன்சக்கரம் இழுக்கும் சிறிய கார்களில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் ஒரே ஆயில்தான்.

என்ன ஆயில் வாங்குவது

வண்டியோடு வந்த புத்தகத்தில் எழுதியிருப்பதை வாங்குங்கள். இதில் கடைக்காரர், மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் யாருடைய யோசனையும் தேவையில்லை. 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90, 75டபிள்யூ-80 என்று ஏதாவது ஒன்று இருக்கும். அது கெட்டித்தன்மை. அதோடு ஜிஎல்-4 அல்லது ஜிஎல்-5 என்று இன்னொரு குறியீடு இருக்கும். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். 5 என்பது 4-ஐவிட உசத்தி என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள்.

ஜிஎல்-5 ஆயிலில் அதிக அழுத்தத்தைத் தாங்குவதற்காகக் கந்தகம், பாஸ்பரஸ் சேர்ந்த மருந்துகள் கூடுதலாக இருக்கும். டிஃபரன்ஷியலில் பற்கள் ஒன்றோடொன்று வழுக்கித் தேய்வதால் அங்கே அது வேண்டும். கியர் பாக்ஸில் கியர் விழும்போது இரண்டு சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்துவது சின்க்ரோ வளையங்கள். பல வண்டிகளில் அவை பித்தளை. அந்தக் கூடுதல் மருந்து நாளடைவில் பித்தளையை அரிக்கக்கூடும். வளையம் உரசிப் பிடிக்க வேண்டிய இடத்தில் ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் கியர் விழுவதும் கடினமாகும். அதனால் புத்தகம் ஜிஎல்-4 என்றால் ஜிஎல்-4 மட்டும்தான்.

சிறிய கார்களின் கியர் பாக்ஸ் முழுவதுமே ஏறக்குறைய 2 லிட்டர்தான் பிடிக்கும். குறைந்ததை நிரப்ப ஒரு லிட்டர் டப்பா தாராளம்.

இடமும் சாமான்களும்

மணல் தரையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஜாக்கி ஒரு பக்கமாகப் புதையும், வண்டி சாயும், அடியில் இருப்பது நீங்கள். பனம்பலகையை அடியில் போட்டு ஜாக்கி வைப்பது வழியில் பஞ்சர் ஆனால் சக்கரம் மாற்றச் சரி. அடியில் படுத்துச் செய்யும் வேலைக்கு அது போதாது. சிமென்ட் தளம் வேண்டும். அதைவிட நல்லது, வாட்டர் சர்வீஸ் கடையிலோ லாரிப் பட்டறையிலோ கூட்டமில்லாத நேரத்தில் போய், "அண்ணே, கியர் ஆயில் மட்டும் பாத்துக்கிறேன், குழியில அரை மணி நேரம் விடுங்க" என்று கேட்பது. ஏதோ கொடுத்தால் விடுவார்கள். குழியில் வண்டி நான்கு சக்கரத்திலும் சமமாக நிற்கும். அளவு பார்க்க அந்தச் சமம் கட்டாயம். முன்பக்கத்தை மட்டும் தூக்கிவைத்துப் பார்த்தால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, அளவு தப்பாகத்தான் காட்டும்.

வீட்டிலேயே தூக்குவதானால் நான்கு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்துச் சமமாக நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் அடியில் போகக் கூடாது. ஹாலோ பிளாக்கும் வேண்டாம், அது சொல்லாமல் உடையும். சில கார்களில் முன்சக்கரத்தை முழுக்க ஒடித்துவைத்தால், தூக்காமலே சக்கர இடுக்கு வழியாக மூடியை எட்டிவிடலாம். உங்கள் வண்டி அப்படியா என்று டார்ச் அடித்து முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாமான்கள் அதிகம் இல்லை. மூடிக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர் அல்லது சாக்கெட், கம்பி பிரஷ், துரு இளக்கும் ஸ்பிரே, பனியன் வேஸ்ட், பழைய தட்டு ஒன்று, ஆயிலை ஏற்ற ட்யூப் போட்ட கைப்பம்பு, மூடிக்குப் புது வாஷர். மூடி அறுகோணத் தலையா, உள்ளே சதுரக் குழி உள்ளதா, ஆலன் கீ போடுவதா என்று முன்கூட்டியே பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பாதியில் படுத்திருக்கும்போது ஸ்பேனர் பொருந்தவில்லை என்றால் எரிச்சல்தான் மிஞ்சும்.

காற்றையும் பாருங்கள். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் மதியத்துக்கு மேல் மணல் பறக்கும். திறந்த துளைக்குள் ஒரு சிட்டிகை மணல் போனால் அது வெளியே வர வழியில்லை. பேரிங்கிலும் பல்லிலும் அரைபட்டுக்கொண்டே இருக்கும். விடிகாலையில், சுவர் மறைவில் வேலையை முடித்துவிடுங்கள்.

மூடியைத் திறப்பது

கியர் பாக்ஸில் பொதுவாக இரண்டு மூடிகள். பக்கவாட்டில், பாதி உயரத்தில் இருப்பது ஆயில் ஊற்றும் மூடி, பெரும்பாலும் அளவு பார்ப்பதும் அதில்தான். அடியில் இருப்பது ஆயில் இறக்கும் டிரெயின் பிளக். எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கும் பல கார்களில் கியர் பாக்ஸ் இடப்பக்கம் இருக்கும். எது எது என்று புத்தகத்தில் படத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்யாமல் ஸ்பேனர் வைக்காதீர்கள். கியர் பாக்ஸில் வேறு போல்ட்டுகளும் உண்டு. சிலவற்றைக் கழற்றினால் உள்ளே ஸ்பிரிங்கும் குண்டும் இடம் மாறிவிடும்.

எப்போதும் மேல் மூடிதான் முதலில். ஆயில் மாற்றுகிற நாளிலும் அப்படியே. கீழ் மூடியைத் திறந்து ஆயிலை இறக்கிவிட்ட பிறகு மேல் மூடி வரவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். நம் ஊரில் அது வராமல் போக நல்ல வாய்ப்பு உண்டு. கியர் பாக்ஸ் கூடு அலுமினியம், மூடி பெரும்பாலும் இரும்பு. இரண்டு வேறு உலோகம் உப்பு ஈரத்தில் ஒட்டி இருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். அந்தப் பொடி மரைக்குள் இறுகி மூடியைப் பிடித்துக்கொள்ளும்.

அதனால் முந்தின நாள் சாயங்காலமே ஆரம்பியுங்கள். மூடியைச் சுற்றி இருக்கும் மண்ணையும் உப்புப் பொருக்கையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். தலைக் குழிக்குள் மண் அடைந்திருந்தால் ஆணியால் கிளறி எடுத்தால்தான் சாவி முழு ஆழத்துக்கு இறங்கும். மேலோட்டமாக நுழைந்த சாவிதான் குழியை வட்டமாக்கிவிடுகிறது. பிறகு துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து இரவு முழுக்க ஊற விடுங்கள். காலையில் இன்னொரு முறை அடித்து, சுற்றிலும் வேஸ்ட்டால் துடைத்துவிட்டு ஸ்பேனரைப் போடுங்கள்.

ஸ்பேனரை ஒரேயடியாக இழுக்காமல் கையால் சின்னச் சின்னதாகத் தட்டுங்கள். அசையவில்லை என்றால் இறுக்கும் திசையில் ஒரு நூல் அளவு கொடுத்துப் பாருங்கள். பொருக்கு உடைந்து சத்தம் கேட்டால் பிறகு தானாக வந்துவிடும். அதற்கும் வரவில்லையா? நிறுத்திவிட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். குழாயைச் செருகி நீளம் கூட்டி இழுத்தால் மூடியின் தலை மழுங்கும், அல்லது அலுமினிய மரை போய்விடும். மரை போன கூட்டைச் சரிசெய்யும் செலவில் பல வருடத்துக்கு ஆயில் வாங்கலாம்.

வண்டி ஓடி வந்த உடனே திறக்க வேண்டாம். ஆயில் கையைச் சுடும், மேலே தெறித்திருப்பதும் கீழே இறங்கியிருக்காது. ஓட்டி நிறுத்தி ஒரு மணி நேரம் விட்டுத் திறப்பது நல்லது. எஞ்சின் நின்றிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

விரல் வைத்துப் பார்ப்பது

மூடி வந்ததும் துளையின் கீழ் விளிம்பில் சுண்டுவிரலை நுழைத்து வளைத்துப் பாருங்கள். ஆயில் விளிம்போடு சமமாக நின்றால் அளவு சரி. சில மாடல்களில் விளிம்புக்குச் சில மில்லிமீட்டர் கீழே என்று புத்தகத்தில் இருக்கும், அதையே வைத்துக்கொள்ளுங்கள். திறந்த உடனே கொட்டினால் யாரோ கூடுதலாக ஊற்றியிருக்கிறார்கள், அல்லது வண்டி சாய்ந்திருக்கிறது. கொட்டுகிறதைத் தட்டில் பிடித்து, நின்றதும் மூடிவிடலாம்.

விரலில் வந்த ஆயிலை உடனே துடைத்துவிடாதீர்கள். வெயிலில் பிடித்துப் பாருங்கள். தேன் நிறமோ கொஞ்சம் கறுத்த பழுப்போ இருந்தால் கவலை இல்லை. கந்தக நாற்றம் தூக்கலாக இருக்கும், அதுவும் இயல்புதான். இரண்டு விரலுக்கு நடுவே தேய்க்கும்போது நெறுநெறுவென்றால் உள்ளே மணலோ இரும்புத் தூளோ இருக்கிறது. பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. இந்த இரண்டு நிலையிலும் மேலே ஊற்றி நிரப்புவதில் அர்த்தமே இல்லை. முழு ஆயிலையும் இறக்கி மாற்ற வேண்டும்.

மாற்றும்போது டிரெயின் பிளக்கின் நுனியில் காந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மெழுகுபோலப் படிந்திருப்பது சாதாரணத் தேய்மானம், துடைத்துவிட்டுப் போடலாம். நகத்தில் மாட்டுகிற அளவுக்குச் சில்லு சில்லாக இரும்பு இருந்தால் பல் உடைகிறது, ஆயில் மாற்றி அது தீராது.

ஊற்றுவது

இதில் சொல்ல அதிகம் இல்லை. பம்பின் ட்யூபைத் துளைக்குள் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கியர் ஆயில் கெட்டி, அவசரப்பட்டால் திரும்பி முகத்தில் வழியும். விளிம்பைத் தாண்டி வழியத் தொடங்கியதும் நிறுத்திவிட்டு, சொட்டுவது நிற்கும் வரை காத்திருங்கள். எத்தனை மில்லி உள்ளே போனது என்று டப்பாவின் கோட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும். கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும் என்று நினைக்காதீர்கள். அதிகமானால் நுரைத்து, சூடேறி, ஆயில் சீல் (சுழலும் தண்டைச் சுற்றி ஆயிலை அடைத்து நிற்கும் ரப்பர் வளையம்) வழியாக வெளியே தள்ளும்.

துளையைச் சுற்றித் துடைத்து, புது வாஷர் போட்டு, மூடியை முதலில் கையால் மரை பிடிக்கும் வரை திருகுங்கள். பிறகு புத்தகத்தில் சொன்ன இறுக்கம். உங்கள் மூடிக்கு வாஷர் கிடையாது, சீலன்ட் பூச வேண்டும் என்று புத்தகம் சொன்னால் அப்படியே செய்யுங்கள். கடைசியாக, இது நம் கரைக்கு மட்டும்: மூடியின் தலைமேல் வெளிப்பக்கமாக ஒரு விரல் கிரீஸ் அப்பிவிடுங்கள். அடுத்த முறை சுலபமாக வரும்.

போன ஆயில் எங்கே போனது

மணல் முற்றத்தில் நிறுத்தும் வண்டியில் ஒழுக்கு தெரியவே தெரியாது. சொட்டுகிறதை எல்லாம் மணல் குடித்துவிடும், மேலே காற்று வேறு மூடிவிடும். இரவு நிறுத்தும்போது கியர் பாக்ஸுக்கு நேர் கீழே ஒரு பெரிய அட்டையை விரித்து, நான்கு மூலையிலும் கல் வையுங்கள். காலையில் அட்டையில் எந்த இடத்தில் கறை விழுந்திருக்கிறது என்று பார்த்தால் மேலே எந்த இடம் என்று தெரிந்துவிடும். ஏசி தண்ணீர் சொட்டியிருந்தால் காய்ந்து போகும், ஆயில் காயாது.

இரண்டு பக்கமும், சக்கரத்தைச் சுற்ற வைக்கும் தண்டான டிரைவ் ஷாஃப்ட் நுழையும் இடத்து ஆயில் சீல்கள்தான் வழக்கமான குற்றவாளிகள். எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் ஈரம் என்றால், உள்ளே இருக்கும் சீல் போயிருக்கலாம், கியர் பாக்ஸை இறக்க வேண்டிய வேலை அது. எஞ்சின் ஆயில் அங்கே வந்து சொட்டுவதும் உண்டு, மோந்து பார்த்தால் கந்தக நாற்றம் வித்தியாசம் சொல்லிவிடும்.

சீலை மாற்றச் சொல்வதற்கு முன்னால் பிரீதரைப் பாருங்கள். இதை அவசரத்தில் பலரும் விட்டுவிடுகிறார்கள். கியர் பாக்ஸின் மேலும், பின் அச்சின் மேலும் காற்று போய்வரச் சின்ன மூடிபோட்ட ஒரு துவாரமோ ட்யூபோ இருக்கும். ஓடும்போது உள்ளே சூடாகி விரியும் காற்று இதன் வழியாக வெளியேறும். இது அடைத்துக்கொண்டால் அழுத்தம் கூடி, நல்ல சீலையும் தாண்டி ஆயில் கசியும். புது சீல் போட்டும் திரும்ப ஒழுகுகிறது என்ற புலம்பலுக்குப் பின்னால் இது இருக்கக்கூடும்.

மீன் ஏற்றும் பொலீரோவும் ஏஸும்தான் இதில் அதிகம் மாட்டும். பாம்பனிலோ ஏர்வாடியிலோ ஏற்றிய பெட்டிகளிலிருந்து ஐஸ் உருகி, மீன் தண்ணீரும் உப்பும் சேர்ந்து பலகை இடுக்கு வழியாகப் பின் அச்சின் மேலேயே வழியும். துருவும் செதிலும் சேர்ந்து பிரீதரின் மூடியை இறுக்கிவிடும். விரலால் தூக்கிப் பாருங்கள், லேசாக ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் சுற்றிலும் துடைத்துவிட்டுக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவிப் போடுங்கள். மீன் வண்டிக்காரர்கள் கியர் பாக்ஸைவிடக் கிரவுனைத்தான் அடிக்கடி பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

அடியில் தண்ணீர் அடித்துக் கழுவுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. கரையோரம் பல போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதை அடித்தால் கடல் உப்பு போய் போர் உப்பு ஒட்டிக்கொள்ளும். குடிக்கப் பிடித்துவைத்த நல்ல தண்ணீரை வண்டிக்கு ஊற்ற யாருக்கும் மனசு வராது. நல்ல மழை பெய்த பிறகு மாடித் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துக் கழுவலாம். இல்லையென்றால் பரமக்குடி, மதுரை பக்கம் போகும்போது அங்கே ஒரு வாட்டர் சர்வீஸில் அடியை மட்டும் கழுவிவிட்டு வாருங்கள்.

தண்ணீரில் இறங்கிய வண்டி

மதுரையிலிருந்து ஒரே ஓட்டமாக வந்த வண்டியின் கியர் பாக்ஸ் நல்ல சூட்டில் இருக்கும். அந்தச் சூட்டோடு தேங்கிய தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, பிரீதர் வழியாகவோ சீல் ஓரமாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை 2017-இல் ரோடு போட்ட பிறகு சொந்தக் காரில் போகிறவர்கள் அதிகம். ரோட்டில் போய் ரோட்டிலேயே திரும்பினால் ஒன்றும் ஆகாது. போட்டோவுக்காக அலை ஓரத்து ஈர மணலில் இறக்கும்போதுதான் வம்பு. அங்கே உள்ளே போவது உப்புத் தண்ணீர், பேரிங்குகளைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும்.

அச்சு மூழ்கும் அளவுக்குத் தண்ணீரில் போயிருந்தால் வாரக் கணக்கில் தள்ளிப்போடாமல் மூடியைத் திறந்து நிறம் பாருங்கள். வண்டி ஓடாமல் நின்றிருந்தால் தண்ணீர் அடியில் தங்கி, மேலே ஆயில் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். டிரெயின் பிளக்கைச் சற்றே இளக்கி முதலில் வரும் துளிகளைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்தால் உண்மை தெரியும். தண்ணீர் இருந்தால் இறக்கிவிட்டுப் புது ஆயில் ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடி நிறம் பார்த்து, இன்னும் வெளுத்திருந்தால் திரும்பவும் மாற்றுங்கள்.

இதெல்லாம் இல்லாத சாதாரண வண்டிக்கு வருடம் ஒருமுறை, மழைக்கு முன்னால் புரட்டாசியில் மூடியைத் திறந்து பார்த்தால் போதும். மாதாமாதம் திறப்பது வீண், திறக்கும் ஒவ்வொரு முறையும் மணலுக்கு வாசல் திறக்கிறீர்கள். மாதாமாதம் குனிந்து ஈரம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இடையில் ஐந்தாம் கியரில் புதிதாக ஓர் ஊளைச் சத்தம் கேட்டால் காத்திருக்க வேண்டாம். சில கியர் பாக்ஸ்களில் ஐந்தாம் கியர் ஓரத்தில் உயரமாக இருப்பதால், ஆயில் குறையும்போது முதலில் காய்வது அதுதான். கியர் போடும்போது கரகரப்பது கிளட்ச் கோளாறாகவும் இருக்கலாம்.

இறக்கிய பழைய ஆயிலை மணலில் ஊற்றாதீர்கள், வேலிக் காலில் கரையானுக்குப் பூசுவதையும் கிணறு, ஊற்று பக்கம் செய்யாதீர்கள். ராமேஸ்வரம் தீவில் கையால் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும் இடங்கள் உண்டு, அந்த ஆழத்துக்கு ஆயில் இறங்கச் சிரமமே இல்லை. மூடி போட்ட கேனில் அடைத்து, பழைய ஆயில் சேர்த்துவைக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

ஊற்றிய பிறகு ஒரு மாதம் ஓட்டிவிட்டு, அதே இடத்தில், அதே சமத்தில் நிறுத்தி இன்னொரு முறை விரல் வையுங்கள். விளிம்பில் இருந்தால் முன்னால் ஊற்றியவர் குறைத்து ஊற்றியிருந்தார் என்று அர்த்தம். திரும்பக் குறைந்திருந்தால் எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கிறது என்று அளந்து குறித்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். "அண்ணே, கியர் ஆயில் ஒழுகுது" என்று மட்டும் சொன்னால் எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்கும் தெரியாது. "இடப்பக்க டிரைவ் ஷாஃப்ட் ஓரம் ஈரம், ஒரு மாசத்துல நூறு மில்லி குறையுது, பிரீதரைக் கழுவிட்டேன்" என்று சொன்னால் நேரே சீலைக் கழற்றிப் பார்ப்பார்.